பேட்டிக்காக நெசவாளரைத் தறியிலிருந்து எழுப்பாதீர்கள்

டாக்காவுக்குப் பக்கத்தில், ஷீதலக்ஷ்யா ஆற்றங்கரையில் ரூப்கஞ்ச், சோனார்கான். மெல்லிய துணியில் கையாலேயே பூவேலை கோக்கும் ஜாம்தானி நெசவின் தாய்வீடு. 2013-ல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியாச்சு, 2016-ல் வங்கதேசத்தின் முதல் புவிசார் குறியீடும் வாங்கியாச்சு. ஆனால் வாய்மொழி வரலாறு என்றால் இன்னமும் பெரியவரை வெளியே கூப்பிட்டு நாற்காலி போட்டு, "சின்ன வயசுல எப்படி இருந்தது?" என்று கேட்பதுதான். தாத்தா நெய்தார், அப்பா நெய்தார், இப்போ கூலி கட்டுப்படியாகல. முடிந்தது பேட்டி.

தொழில் இருப்பது குழித்தறியில். உஸ்தாதும் சாகிர்த்தும் (நம்ம வாத்தியார், சிஷ்யன்தான்) பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள். வடிவத்துக்கு இழை தூக்கும் ஜக்கார்டு பொறி கிடையாது, அதன் துளை அட்டையும் கிடையாது. எத்தனை பாவு இழையை (நீளவாக்கு நூல்) விட்டு, எத்தனையைத் தூக்கிப் புட்டா (பூ வடிவம்) நூலை நுழைப்பது என்பதை உஸ்தாத் வாயாலேயே சொல்வார். அதற்குப் பெயர் 'புலி'. நம்ம ஊர்ப் புலி இல்லை, வங்காளத்தில் பேச்சு என்று பொருள். நாற்காலியில் உட்கார்ந்து இதைச் சொல்லச் சொன்னால் அவருக்கே வராது. கை ஓடினால்தான் வாய் ஓடும்.

அதனால் ஒரு புட்டாவை முதல் ஊடையிலிருந்து (குறுக்கு நூல்) கடைசி ஊடை வரை வெட்டாமல் பதியுங்கள். ஆளுக்கொரு காலர் மைக், தனித்தனி டிராக். மைக்கைத் தறிச்சட்டத்தில் கட்டினால் ஊடையை நெருக்கும் பலகையின் அடி மட்டும்தான் கேட்கும். ஒலி அளவையும் அந்த அடிக்கு வைத்துப் பாருங்கள், பேச்சுக்கு வைத்தால் அடி விழும்போது உடையும். பதிவுத் தரம் 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்; இரண்டு டிராக் சேர்ந்து மணிக்கு ஒரு ஜிபி வரும். கேமரா மேலிருந்து கையைப் பார்க்கட்டும், முகம் அப்புறம். வெள்ளைமேல் வெள்ளைப் புட்டா என்றால் அடியில் கறுப்புத் துணி விரியுங்கள், இல்லாவிட்டால் இழையே தெரியாது.

பெரிய பாவம் பதிவைக் கேட்டு எழுதும்போதுதான் நடக்கிறது. உஸ்தாத் "மறுபடி அதே" என்று நாலு தரம் சொன்னால், எழுதுகிற படித்தவர் ஒன்றை வைத்துக்கொண்டு மூன்றை அடித்துவிடுவார். போச்சு, மூன்று வரிசை காலி! வட்டாரச் சொல்லைப் புத்தக வங்காளமாக்குவதும் அதே ரகம். சாகிர்த்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதுங்கள். எழுதியதை வேறு ஊர் ஜோடியிடம் கொடுத்து நெய்யச் சொல்லுங்கள். புட்டா எங்கே கோணுகிறதோ, அங்கே பதிவில் ஓட்டை.

இன்னொன்று. இந்த வாய்பாடு அப்படியே இணையத்தில் ஏறினால் விசைத்தறிக்காரருக்குத்தான் கொண்டாட்டம். எதைத் திறந்து வைக்கலாம், எதைப் பூட்டி வைக்கணும் என்று புட்டா புட்டாவாகக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பதிவுக்காக வேலை மெதுவானால் அவர்கள் வருமானம்தான் குறையும். இரண்டு பேரின் நாள் கூலியையும் அன்றைக்கே கொடுங்கள், சாகிர்த்துக்குத் தனியாக, அவர் கையிலேயே.