சில்வர் பீச்சைப் பாண்டியாக்க வேண்டாம்

வெளியூர்ச் சொந்தக்காரர்கள் கடலூர் வந்தால் மறுநாள் காலை கேட்பது ஒன்றுதான்: "பாண்டிக்கு எப்போ கிளம்பலாம்?" தங்குவது இங்கே, சாப்பாடு இங்கே, கடல் பார்க்க மட்டும் பாண்டி. போகட்டும், எனக்கும் பாண்டி பிடிக்கும். ஆனால் திரும்பி வந்து, "உங்க சில்வர் பீச்சையும் அதே மாதிரி ஆக்கணும்ப்பா, கரையோரமா ரோடு போட்டு, கிரானைட்டுல பெஞ்சு போட்டு" என்று ஒரு யோசனை சொல்வார்கள் பாருங்கள், அங்கேதான் எனக்குச் சுர்ரென்று ஏறும். இப்போது உள்ளூர்க்காரர்கள் சிலரும் அதையே பேசுகிறார்கள்.

பாண்டி கடற்கரைச் சாலை அழகுதான். சாயங்காலமானால் வண்டிகளை நிறுத்திவிடுகிறார்கள். காந்தி சிலை, 1836-இல் ஏற்றப்பட்ட பழைய கலங்கரை விளக்கம், முதல் உலகப் போரில் இறந்த வீரர்களுக்கான நினைவுச் சின்னம், தெற்குக் கோடியில் பழைய பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளேயின் சிலை என்று எல்லாவற்றையும் ஒரே நடையில் பார்த்துவிடலாம். ஆனால் அந்த நடை முழுக்கக் காலில் மணல் ஒட்டாது.

அந்த மணல் எங்கே போனது? 1980-களில் அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல் சுவர் கட்டினார்கள். நம் கரையில் வருஷத்தின் பெரும்பாலான மாதங்கள் மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துகொண்டே இருக்கும். சுவர் அதை மறித்தது. தெற்கே மணல் குவிந்தது. வடக்கே இருந்த நகரத்துக் கடற்கரை கரைந்தது. ரோட்டைக் கடல் கொண்டுபோகாமலிருக்கப் பாறாங்கல் கொட்டினார்கள். அந்தக் கல்மேல் உட்கார்ந்துதான் நாம் செல்பி எடுத்துக்கொள்கிறோம். 2018 வாக்கில் தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்கடியில் எஃகுத் தடுப்பு இறக்கிய பிறகுதான் ஒரு துண்டு மணல் திரும்பி வந்தது. அதற்கு எவ்வளவு படிப்பு, எவ்வளவு பணம்! இங்கே சில்வர் பீச் இருக்கும் தேவனாம்பட்டினத்தில் மணல் சும்மா கிடக்கிறது. அதன்மேல் சிமெண்டைக் கொட்டச் சொல்கிறீர்கள்.

சரி, மணலைத் தவிர இங்கே என்ன இருக்கிறது என்பீர்கள். சில்வர் பீச்சுக்குப் போகும் வழியில், கடிலம் ஆற்றங்கரையில், புதர் மண்டிய சில இடிபாடுகள் இருக்கின்றன. புனித டேவிட் கோட்டையில் மிச்சம் அவ்வளவுதான். 1690-இல் ஆங்கிலேயக் கம்பெனி இந்தக் கோட்டையைச் செஞ்சியிலிருந்த மராட்டியரிடம் விலைக்கு வாங்கியது. கோட்டையோடு எவ்வளவு நிலம் என்பதற்கு ஒப்பந்தத்தில் ஒரு வேடிக்கையான கணக்கு: பீரங்கி சுட்டால் குண்டு விழும் தூரம் வரை உள்ள ஊர்களெல்லாம் கம்பெனிக்கு. மெட்ராஸிலிருந்து பீரங்கியும் அதைச் சுடத் தெரிந்த ஆளும் வந்து நாலா பக்கமும் சுட்டார்கள். குண்டு உப்பலவாடி, குண்டு சாலை என்று இன்றைக்கும் சொல்கிறோமே, அதெல்லாம் அந்தச் சங்கதிதான். ஆட்டோக்காரரிடம் "குண்டு சாலை போகணும்" என்று தினமும் சொல்கிறவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

1746-இல் பிரெஞ்சுக்காரர்கள் மெட்ராஸைப் பிடித்ததும் ஆங்கிலேயர்கள் ஓடி வந்து ஒண்டியது இங்கேதான். அப்படி வந்தவர்களில் ராபர்ட் கிளைவும் ஒருவர். 1752 வரை தென்னிந்தியாவில் கம்பெனியின் தலைமையிடம் இந்தத் தேவனாம்பட்டினம். மெட்ராஸ் கைக்குத் திரும்பியும் நிர்வாகம் உடனே அங்கே போகவில்லை. பாண்டியிலிருந்து துய்ப்ளே இதைப் பிடிக்கப் படை அனுப்பியும் முடியவில்லை. அந்தக் கதைகளைத் துய்ப்ளேயின் துபாஷ், அதாவது மொழிபெயர்ப்பாளர், ஆனந்தரங்கப் பிள்ளை தன் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். கடைசியில் 1758-இல் பிரெஞ்சுத் தளபதி லாலி வந்து கோட்டையைப் பிடித்து இடித்துத் தள்ளினார். துய்ப்ளே சிலையோடு படம் எடுத்துக்கொள்கிறவர்கள், அவருக்குக் கடைசி வரை சிக்காத இடத்தைத் தாண்டித்தான் சுண்டல் வாங்கப் போகிறார்கள்.

பாரதி பாண்டியில் பத்து வருஷம் இருந்தார், அந்த வீட்டை எல்லோரும் போய்ப் பார்க்கிறோம். 1918 நவம்பரில் அவர் எல்லை தாண்டியதும் பிடித்து அடைத்தது கடலூர்ச் சிறையில்தான். எங்கள் ஊர் உபசாரம் அப்படி.

இன்னும் பழைய கதை வேண்டுமானால் திருப்பாதிரிப்புலியூர் போங்கள். அப்பரைக் கல்லில் கட்டிக் கடலில் போட, அந்தக் கல்லே தெப்பமாக மிதந்து கரை சேர்ந்தது என்பார்கள். சேர்ந்த இடத்துக்குக் கரையேறவிட்டகுப்பம் என்றே பெயர். சித்திரையில் விழாவும் உண்டு. அங்கிருந்து மேற்கே கொஞ்ச தூரம் போனால் திருவந்திபுரம் பெருமாள் கோயில். முகூர்த்த நாளில் மலைப் படியெங்கும் மாலையும் கழுத்துமாக ஜோடிகள். எந்தக் கல்யாணத்துக்கு வந்தோம் என்பதே மறந்துவிடும். ஒன்றிரண்டு இடங்களைக் காலையில் முடித்துவிட்டு வெயில் தாழக் கடற்கரைக்கு வந்தால், அது முழு நாள்.

கடற்கரையிலும் கடைகளுக்கு முன்னாலேயே நின்றுவிடாதீர்கள். படகுகள் ஏற்றியிருக்கும் பக்கம் கொஞ்சம் நடந்தால், வலை பழுது பார்க்கிறவர்களைப் பார்க்கலாம். வலையின் ஓரத்தைக் கால் கட்டைவிரலில் மாட்டி விறைப்பாக இழுத்துப் பிடித்துக்கொண்டு, ஊசியை வலைக் கண்ணுக்குள் விட்டு ஒரு சுற்று, ஒரு இழுப்பு. பேச்சு வேறெங்கோ இருக்கும், கை நிற்காது. இந்தக் குப்பத்தைத்தான் 2004 சுனாமி அடித்தது. 2011 கடைசியில் தானே புயல் வந்து மாவட்டத்துத் தென்னை, பலா, முந்திரியெல்லாம் சாய்த்துவிட்டுப் போனது. அவர்கள் படகு ஏற்றவும் வலை காயவைக்கவும் இந்த மணல் வேண்டும். நடைபாதை கேட்கிறவர்கள் இதை யோசிப்பதே இல்லை.

அப்படியானால் எதுவுமே செய்யக் கூடாதா? செய்யலாமே. சுத்தமான கழிப்பறை, குளித்தபின் துணி மாற்ற ஓர் அறை, கடல் உள்ளே இழுக்கும் இடங்களில் எச்சரிக்கைக் கொடி, சாயங்காலம் முழுக்க உயிர்காக்கும் ஆட்கள். கோட்டையிலிருந்து கடற்கரை வரை நாலைந்து இடங்களில் இந்தக் கதைகளைத் தமிழில் நல்ல பெரிய எழுத்தில் எழுதி வைக்கலாம். பக்கத்திலேயே பெரியார் அரசு கலைக் கல்லூரி இருக்கிறது, வரலாறு படிக்கும் பிள்ளைகளே சனி ஞாயிறுகளில் கூட்டிப் போய்ச் சொல்லட்டும், கையில் நாலு காசும் கிடைக்கும். ஒரு கிலோமீட்டர் கிரானைட் பதிக்கும் செலவில் இதெல்லாம் எத்தனை வருஷம் நடக்கும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

வருகிறவர்களுக்கு ஒன்று. மாசி மகத்தன்று சுற்றுவட்டாரச் சாமியெல்லாம் தீர்த்தவாரிக்கு இங்கே வந்து இறங்கும், அதை ஒருமுறையாவது பார்த்துவிடுங்கள். ஆனால் காரில் வராதீர்கள், பாலத்திலேயே சாமியும் நீங்களும் சேர்ந்து நிற்க வேண்டியிருக்கும். தை ஐந்தாம் தேதி ஆற்றுத் திருவிழாவுக்கு வந்தால் சுருளிக் கிழங்கு வாங்காமல் போகாதீர்கள்.