ஆயிரம் முன்னோரில் ஒருவர்

ஹசாரா மக்களைப் பற்றிய பேச்சு எங்கே எழுந்தாலும் மூன்றாம் வாக்கியத்துக்குள் மங்கோலியப் பேரரசர் செங்கிஸ்கான் வந்துவிடுகிறார். ஆப்கானிஸ்தானின் நடு மலைநாட்டிலும் பாகிஸ்தானின் குவெட்டாவிலும் வாழ்கிற, பாரசீகக் கிளைமொழியான ஹசாரகியைப் பேசுகிற, பெரும்பாலும் ஷியா நெறியைச் சேர்ந்த இம்மக்களை அவருடைய வாரிசுகள் என்று சொல்வதற்கு மரபணு அறிவியலைச் சாட்சிக்கு இழுப்பது எனக்கு ஏற்புடையதாக இல்லை.

2003-இல் வெளியான ஓர் ஆய்வு, பசிபிக் கரை முதல் காஸ்பியன் கடல் வரையிலான பரப்பில் ஏறத்தாழ 8 விழுக்காடு ஆண்களிடம் தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டுமே செல்லும் ஒய் குரோமோசோமில் நெருங்கிய உறவுடைய வகை ஒன்று இருப்பதைக் கண்டது. பாகிஸ்தான் மாதிரிகளுள் அது ஹசாராக்களிடம் மட்டுமே தென்பட்டது. அதைச் செங்கிஸ்கானோடு இணைத்தது ஊகம்தான். அவருடைய கல்லறையே கண்டுபிடிக்கப்படாதபோது, ஒப்பிட்டுப் பார்க்க எலும்புத் துண்டு ஏது? இவ்வகை அவருக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே தோன்றிச் சாதாரண மங்கோலியரிடையே பரவியது என்று 2018-இல் வேறோர் ஆய்வு கூறியது. அதைப் பேசுவோர் குறைவு.

ஹசாரா என்ற பெயரில் ஒலிக்கும் ‘ஹசார்’ என்றால் பாரசீகத்தில் ஆயிரம். (சகஸ்ரநாமத்தில் உள்ள சகஸ்ரமும் அதே வேர்ச்சொல்தான்.) பத்தாம் தலைமுறைக்குப் பின்னோக்கிச் சென்றால் ஒருவருக்கு 1,024 முன்னோர் இடங்கள், ஓர் ஆணின் ஒய் குரோமோசோம் அவற்றுள் ஒரே ஒருவரிடமிருந்து வந்தது. உயிரணுவுக்குள் இருக்கும், தாய்வழி வரும் மைட்டோகாண்டிரியா என்ற நுண்ணுறுப்பின் மரபணுவைப் பார்த்தாலோ, கிழக்காசிய மரபுகளோடு மேற்காசிய, தெற்காசிய மரபுகளும் சேர்ந்தே கிடக்கின்றன. அந்தத் தாய்மார்களைப் பற்றி யாரும் தலைப்புச் செய்தி எழுதுவதில்லை.

ஒரு தந்தைவழியும் முழு மனிதரும் ஒன்றல்ல என்ற இந்த வேறுபாடு தடயவியலில் இன்னும் கூர்மையாகிறது. ஒய் குரோமோசோமில் குறியிடங்கள் எனப்படும் சில இடங்களில் குறுந்தொடர்கள், அதாவது சில எழுத்துகளே கொண்ட டிஎன்ஏ துண்டுகள், எத்தனை முறை திரும்ப வருகின்றன என்பதை எண்ணித்தான் தந்தைவழியை அடையாளம் காண்கிறார்கள். தந்தை, மகன், அண்ணன், தம்பி, சித்தப்பா மகன் எல்லோருக்கும் அந்த எண்கள் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும். ஒரே மரபு அடர்ந்துள்ள சமூகத்தில் 17 குறியிடங்கள் பொருந்தினாலும், குற்றவாளி இவர்தான் என்று சொல்லிவிட முடியாது. இந்தத் தந்தைவழியைச் சேர்ந்த ஒருவர் என்பதுவரைதான் சொல்லலாம். தலைமுறைகளுக்கிடையே விரைவாக மாறும் குறியிடங்களையும் சேர்த்து 27 வரை சோதிப்பது இதனால்தான். அந்த எண் கோவை எவ்வளவு அரிது என்பதையும் ஹசாராக்களிடமே திரட்டிய தரவைக் கொண்டு கணிக்க வேண்டும். அந்த மரபு தென்படாத பஞ்சாபியர் தரவை வைத்துக் கணித்தால் சாட்சியத்தின் வலிமை மிகைப்பட்டுவிடும்.

2013-இன் முதல் இரு மாதங்களிலேயே குவெட்டாவில் ஹசாராக்களைக் குறிவைத்து இரண்டு பெரும் குண்டுவெடிப்புகள் நடந்தன. அத்தகைய இடத்தில் சிதைந்த உடலை உரிய வீட்டில் ஒப்படைக்க, இரு பெற்றோரிடமிருந்தும் வருகிற மற்றக் குரோமோசோம்களின் குறியிடங்களையே முதலில் பார்க்க வேண்டும். அதற்குத் தாயின் கன்னத்து உட்புறத்தைப் பஞ்சால் ஒற்றி எடுத்த மாதிரி, ஒய் குரோமோசோமைவிட அதிகம் உதவும்.