ஷைபானி கானைக் கொன்றது பாபர் அல்ல

"உஸ்பெக் மன்னன் ஷைபானி கானைப் பாபர் கொன்று, மண்டையோட்டில் கோப்பை செய்து பழிதீர்த்துவிட்டுத்தான் இந்தியாவுக்கு வந்தார்" என்று ஒரு பதிவு சுற்றி வருகிறது. இது தவறு.

கோப்பைக் கதையை அந்தக் கால வரலாற்று நூல்கள் சொல்கின்றன, ஆனால் அதைச் செய்ததாக அவை சொல்வது ஈரானின் ஷா இஸ்மாயிலை. 1510 டிசம்பரில் மெர்வ் நகருக்கு அருகே நடந்த போரில் ஷைபானி இறந்தார். பாபர் அந்தப் போரிலேயே இல்லை. சரி, பாபர் ஷைபானியை எப்போதாவது நேரில் வென்றாரா? 1500-இல் ஒரு சிறு படையோடு இரவில் ஷைபானியின் வசமிருந்த சமர்கந்து நகருக்குள் புகுந்து அதைப் பிடித்தது உண்மை. ஆனால் மறு ஆண்டே சரிபுல் போரில் தோற்று, முற்றுகையில் வாடி, நகரை விட்டு வெளியேறினார். அக்கா கான்சாதா பேகம் ஷைபானியின் கையில் சிக்கினார்.

மெர்வ் வெற்றிக்குப் பிறகு ஷா இஸ்மாயில்தான் கான்சாதாவைப் பாபர் இருந்த குந்தூஸுக்குத் திருப்பி அனுப்பினார். பாபர் எதிரே போய்ப் பேசியும், அக்காவுக்குத் தம்பியை உடனே அடையாளம் தெரியவில்லை. பத்து வருடப் பிரிவு! பாபரே தன் நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார். இதை விட்டுவிட்டுப் பொய்ப் பழிவாங்கலைப் பரப்புவது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

ஷைபானியோடு உஸ்பெக் ஆட்சியும் முடியவில்லை. ஈரானியர் உதவியோடு 1511-இல் சமர்கந்தை மீட்ட பாபர், 1512-இல் அதை மறுபடியும் உஸ்பெக்குகளிடம் இழந்தார். பாபர் இந்தியாவில் வென்ற பானிபட் போர் நடந்ததோ 1526-இல்.