கத்தி ஒன்று போதும், நல்லதாக வாங்குங்கள்

நம் பக்கத்துக் கல்யாணங்களில் சாமான் பரப்பி வைத்திருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஓர் ஆதங்கம் உண்டு. வெள்ளி, பித்தளை, எவர்சில்வர், மிக்ஸி, கிரைண்டர் என்று எதிலும் குறை வைப்பதில்லை. கத்தி எங்கே என்று தேடினால், பிளாஸ்டிக் ஸ்டாண்டில் ஐந்தாறு சொருகியிருக்கும். வேளை தவறாமல் கையில் எடுக்கப்போகிற சாமான் அதுதான். அந்த ஐந்தாறுக்குப் பதில் உருப்படியாக ஒன்று வாங்கிக் கொடுங்கள் என்பதுதான் நான் கேட்பது.

அரிவாள்மனை இருந்தவரை இந்தப் பேச்சே எழவில்லை. இப்போது எல்லாம் மேடைச் சமையல். முட்டி மடக்கி உட்கார முடியாதவர்களுக்கு அதுதான் வசதி, தப்பே இல்லை. ஆனால் அரிவாள்மனை இருந்த இடத்துக்கு வந்த கத்தி அந்தத் தரத்தில் வரவில்லையே!

நம் சமையலுக்குச் சின்ன வெங்காயம் எவ்வளவு போகும் என்று சொல்லத் தேவையில்லை. மழுங்கின கத்தியை அதன்மேல் வைத்துப் பாருங்கள். தோலில் வழுக்கும், வெங்காயம் ஒரு பக்கமாக உருளும், அழுத்தினால் நசுங்கித்தான் பிளக்கும். கண்ணைக் கரிக்கிற வாயு வெங்காயத்தின் செல்கள் உடையும்போதுதான் கிளம்புகிறது. நசுங்க நசுங்க எரிச்சல் கூடும். விரலை அறுத்துக்கொள்வதும் இப்படி அழுத்தி வழுக்கும்போதுதான். கூர் அதிகம் என்று நல்ல கத்தியை எடுத்து ஒளித்து வைக்கிற வீடுகளைப் பார்த்தால் எனக்குக் கோபமே வரும்.

சரி, எதைப் பார்த்து வாங்குவது? பளபளப்பை விட்டுவிட்டு உலோகத்தைப் பாருங்கள். எவர்சில்வர் ஆக குரோமியம் குறைந்தது 10.5 சதவீதம் இருந்தால் போதும். அது துருவைத் தடுக்கும், அவ்வளவுதான். கூர் நிற்க கார்பன் வேண்டும். நல்ல வீட்டுக் கத்திகளில் கார்பன் 0.5 சதவீத அளவில் இருக்கும். உலோகம் எவ்வளவு கடினம் என்று சொல்கிற ராக்வெல் எண் 55 முதல் 58 வரை இருக்கும். ஜப்பான் கத்திகளில் பல 60ஐத் தாண்டும். கூர் நாள்பட நிற்கும், ஆனால் கடினமானதில் பட்டால் விளிம்பு சில்லுச் சில்லாகப் பெயர்ந்துவிடும். பல பேர் கை படுகிற நம் அடுப்படிக்கு முதல் வகைதான் சரி.

பட்டறையில் லாரியின் ஸ்பிரிங் பட்டையை அடித்துச் செய்கிற இரும்புக் கத்தி அருமையாக வெட்டும், எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஆனால் வாழைப்பூவையும் வாழைக்காயையும் கறுக்க வைக்கும், எலுமிச்சை பட்டால் கறை பிடிக்கும். உடனே கழுவித் துடைத்து, ஒரு சொட்டு எண்ணெய் தடவி வைக்கப் பொறுமை உள்ளவர்கள் தாராளமாக வாங்கலாம்.

கடையில் கத்தியைக் கண்ணுக்கு நேரே நீட்டிப் பிடித்து, பிடியிலிருந்து நுனிவரை கோணல் இல்லாமல் இருக்கிறதா பாருங்கள். தகடு பிடியின் கடைசிவரை ஓடியிருந்தால் நல்லது. பிடிக்கும் தகட்டுக்கும் நடுவே இடுக்கு இருந்தால் வேண்டாம், அழுக்கும் ஈரமும் அங்கேதான் சேரும். ஆறு அங்குலம் நம் கைக்குப் போதும்; முட்டைக்கோஸும் பூசணியும் அடிக்கடி வெட்டுபவர்கள் எட்டு அங்குலம் வாங்கலாம். பல் வைத்த கத்தி ரொட்டிக்குச் சரி. காய்க்கு அதை வாங்கினால், மழுங்கிய பிறகு வீட்டில் தீட்டுவதும் கஷ்டம்.

கத்தியோடு 1000 கிரிட் சாணைக்கல் ஒன்றையும் வாங்கிவிடுங்கள் (கிரிட் என்பது கல்லின் நைசைச் சொல்கிற எண்). கல்லை நனைத்து, கத்தியை 15 முதல் 20 டிகிரி சாய்த்து, மறுபக்கம் மெல்லிய பிசிறு விரலுக்குத் தட்டுப்படும்வரை ஒரு பக்கம் தேய்க்க வேண்டும். அப்புறம் அடுத்த பக்கம். தக்காளித் தோல் அழுத்தாமல் அறுபட்டால் வேலை முடிந்தது. சைக்கிளில் வருகிற சாணைக்காரரிடம் கொடுத்தாலும் சரிதான், லேசாகப் பிடிக்கச் சொல்லுங்கள். தண்ணீர் தொடாமல் வேகமாகச் சுற்றுகிற கல்லில் அதிக நேரம் வைத்தால் விளிம்பு சூடேறி நீலம் பாரிக்கும், அந்த இடத்தில் கூர் நிற்காது.

வெட்டுவது மரப்பலகையிலோ தடித்த பிளாஸ்டிக் பலகையிலோ இருக்கட்டும். கிரானைட் மேடையிலும் கண்ணாடிப் பலகையிலும் வெட்டினால் சீக்கிரமே கூர் போய்விடும். நாட்டுக்கோழி எலும்புக்கும் தேங்காய்க்கும் இந்தக் கத்தியை எடுக்கவே வேண்டாம். அதற்குத் திருப்பாச்சேத்தி அரிவாள் இருக்கிறது. மானாமதுரைப் பக்கம் போகிறவர்களிடம் சொல்லிவிட்டால் வாங்கி வந்து தருவார்கள்.