பெப்டைடு பொடி குடித்தால் முழங்கால் ஜவ்வு வளராது

"தானாகச் சேரும் பெப்டைடு பொடியைப் பாலில் கலந்து குடித்தால் தேய்ந்த ஜவ்வு வளரும்" என்று கோத்தகிரி பக்கம் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. தவறு. பெப்டைடு என்பது புரதத்தின் சின்னத் துண்டு மாதிரி; குடித்தால் அதைக் குடலே துண்டுதுண்டாகச் செரித்துவிடும்; முழங்காலுக்கு முழுசாகப் போய்ச் சேராது.

தானாகச் சேரும் பெப்டைடு என்றொரு பொருள் இருப்பது உண்மைதான். ஆர்ஏடிஏ16 என்பது 16 அமினோ அமிலங்கள் கோத்த சிறு சங்கிலி. சிரிஞ்சில் தெளிவாக, இளகலாக இருக்கும். ரத்தம் பட்டதும் அமிலத்தன்மை தணிந்து, உப்பும் சேர, சங்கிலிகள் நுண்ணிழைகளாகப் பின்னிக்கொண்டு நுங்கு மாதிரி கெட்டியாகிக் கசிவை அடைக்கும். எண்டோஸ்கோப்பியின்போது மருத்துவர் குழாய் வழியாக ரத்தம் கசியும் இடத்திலேயே வைப்பார். குடிக்கிற சமாச்சாரமே இல்லை.

கொழுந்துக் கூடையோடு சரிவில் ஏறி இறங்கும் அக்காக்களின் வலி நிஜம். தேயிலைக் காசை இந்தப் பொடிக்குக் கொடுக்காதீர்கள். எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள்.