ஆர் பட்டன் வேலை செய்யாத கோபுரம்

அம்மன் கோயில் கொடை விழாவுக்கு ஊருக்கு வந்த இடத்தில் நாலு நாள் சும்மா கிடைத்தது. லேப்டாப்பில் 'பிரின்ஸ் ஆஃப் பெர்சியா: சாண்ட்ஸ் ஆஃப் டைம்' வீடியோ கேமை ஏற்றி, எட்டாவது படிக்கும் அக்கா மகனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு முழுதாக முடித்தேன். முடித்த கையோடு ஒரு கருத்தை வாபஸ் வாங்குகிறேன். இந்த சீரிஸில் இதற்கு அடுத்த பாகமான 'வாரியர் விதின்'தான் கெத்து என்று யாரிடமெல்லாம் மல்லுக்கு நின்றேனோ, எல்லாரும் மன்னிக்கவும்.

காரணம் சொல்ல வேண்டுமென்றால் பாளை பஸ் ஸ்டாண்டு பக்கம் மாடியில் இருந்த அந்த பிரவுசிங் சென்டரைச் சொல்ல வேண்டும். மணிக்கு 20 ரூபாய். இருந்த ஒரே ஸ்பீக்கர் அண்ணாச்சி பாட்டுக் கேட்க. எங்கள் சிஸ்டத்தில் எல்லாமே ஊமைப்படம். சத்தமில்லாமல் பார்த்தால் 2004இல் வந்த வாரியர் விதின்தானே ஜெயிக்கும்? இரண்டு கையிலும் கத்தி, தெறிக்கிற தலைகள், திரை நிறம் மங்கிப் பின்னாலேயே துரத்தி வரும் தஹாகா. அந்தப் பூதத்துக்குத் தண்ணீர் ஆகாது. தாமிரபரணிக் கரையில் பிறந்திருந்தால் இளவரசனுக்குக் கவலையே இல்லை என்று சிரித்துக்கொள்வோம்.

இப்போது 2003இன் சாண்ட்ஸ் ஆஃப் டைமை ஹெட்போன் மாட்டி விளையாடினேன். இளவரசன் ஆரம்பத்திலிருந்தே பேசிக்கொண்டு வருகிறான். நாம் பள்ளத்தில் விழுந்து செத்தால், இது இப்படி நடக்கலையே என்று தானே திருத்திக்கொண்டு கதையைத் திரும்பப் பிடிக்கிறான். முந்தின ராத்திரிதான் கோயிலில் வில்லுப்பாட்டு கேட்டிருந்தேன். புலவர் ஒரு அடி விட்டால் பக்கத்திலிருப்பவர் எடுத்துக்கொடுப்பாரே, அதே மாதிரி. அவன் கதை சொன்னது நமக்கில்லை, ஃபாரா என்கிற பெண்ணுக்கு என்பது கடைசியில்தான் தெரிகிறது. இத்தனை வருடம் கழித்து எனக்கே இப்போதுதான் தெரியும்.

இன்னொன்று. முதல் கட்டத்தில் இளவரசனின் அப்பா படை சூறையாடுவது ஒரு இந்திய மகாராஜாவின் அரண்மனையை. ஃபாரா அந்த மகாராஜாவின் மகள். நம்ம ஊர் அரண்மனையையே விசிலடித்துக்கொண்டு கொள்ளையடித்திருக்கிறோம்! காலத்தைத் திருப்பும் கத்தியும், காலத்தின் மணல் அடைத்த பெரிய மணற்கடிகாரமும் அங்கே எடுத்தவைதான். அமைச்சர் பேச்சை நம்பி அந்த மணலைத் திறந்துவிட்டு அத்தனை பேரையும் பிசாசாக்குவதும் இவன்தான். அதனால் ஆர் பட்டனை அழுத்திச் சில நொடிகளைப் பின்னால் இழுக்கும்போதெல்லாம் அதில் கொஞ்சம் குற்றவுணர்ச்சி ஒட்டியிருக்கிறது. வாரியர் விதினில் அது போய் வெறும் கோபம் மிஞ்சியது. தம்பியை ஓடவிட்டு வீடியோ எடுத்து, அந்த அசைவை வைத்து 1989இல் வந்த முதல் கேமை உருவாக்கிய ஜோர்டான் மெக்னர்தான் சாண்ட்ஸ் ஆஃப் டைமின் கதையையும் எழுதியவர். வாரியர் விதினில் அவர் இல்லை. அதன் வன்முறை தனக்குப் பிடிக்கவில்லை என்று வெளிப்படையாகவே சொன்னார். அன்றைக்கு அவர் என் முன்னால் வந்து சொல்லியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன்.

குறை இல்லாமல் இல்லை. சண்டை சலிப்பு. அதுவும் அந்த லிஃப்டுக்குள் நடக்கும் சண்டையில் மருமகன் இரண்டு தடவை எழுந்து போய்விட்டான். இதே சீரிஸில் 2024இல் வந்த 'லாஸ்ட் கிரவுன்' இதைவிட எவ்வளவோ வழவழப்பு. அதில் ஹீரோ இளவரசன்கூட இல்லை, சர்கோன் என்கிற வீரன். நல்ல கேம், ஆனால் காதோரம் கதை சொல்ல இப்படி ஒரு ஆள் இல்லை.

சரி, கடைசிக் கோபுரம். அதற்குச் சற்று முன்னால் ஃபாரா கத்தியை எடுத்துக்கொண்டு போய்விடுவாள். கோபுரம் ஏறி முடிக்கும்வரை காலத்தைத் திருப்ப முடியாது, விழுந்தால் விழுந்ததுதான். அன்றைக்கு பிரவுசிங் சென்டரில் ஃபாரா கத்தியோடு போகும் காட்சி ஓடியபோது கூட்டாளிகள் நாங்கள் மூன்று பேரும் கீழே சர்பத் குடித்துக்கொண்டிருந்தோம். மேலே வந்து பார்த்தால் ஆர் வேலை செய்யவில்லை.

"அண்ணாச்சி, கீபோர்டு போச்சு."

அவர் வந்து நோட்பேடைத் திறந்து ஆரை அமுக்கிப் பிடித்தார். ஒரு வரி முழுக்க ஆர் ஆராக விழுந்தது. "நல்லாத்தானல அடிக்கு?" அப்படியும் விடாமல் சண்டை போட்டு வேறு கீபோர்டு மாட்டவைத்தோம். அதிலும் இளவரசன் விழுந்து செத்தான். அண்ணாச்சி கீபோர்டு மாட்டிய நேரத்துக்கும் சேர்த்துக் காசு வாங்கினார்.

போன ஞாயிறு மருமகன் அதே கோபுரத்தில் கை நழுவி விழுந்தான். விரல் ஆர் பக்கம் போய், பாதியில் நின்றது.

"கத்திதான் அவகிட்ட இருக்குல்லா மாமா" என்று சொல்லிவிட்டு மறுபடி கீழேயிருந்து ஏற ஆரம்பித்தான்.