கழற்றி வைத்த கண்ணாடி யார் கண்ணைக் காக்கும்?

போன சனிக்கிழமை மாய்தோ மலையிலிருந்து சைக்கிளில் இறங்கும்போது இடது புருவத்துக்குக் கீழே ஒரு முள் கீறிவிட்டது. இன்னும் அரை விரற்கடை தள்ளிப் பட்டிருந்தால் இந்தப் பதிவை ஒற்றைக் கண்ணால் பார்த்துத்தான் தட்டச்சு செய்துகொண்டிருப்பேன். “கண்ணாடி போடவில்லையா?” என்று வீட்டில் கேட்டார்கள். போட்டுக்கொண்டுதான் போனேன். 85 யூரோ கொடுத்து வாங்கிய கண்ணாடி. முள் கீறிய நேரத்தில் அது ஹெல்மெட்டின் மேல் ஏறி உட்கார்ந்து ஊரை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தது. ஆவி படிந்து வழியே தெரியவில்லை என்று இரண்டு நிமிடத்துக்கு முன்னால்தான் அதை மேலே தள்ளிவிட்டிருந்தேன்.

ரீயூனியனைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை: இந்தியப் பெருங்கடலில் பிரான்ஸுக்குச் சொந்தமான ஒரு தீவு. நான் காரைக்காலில் பிறந்தவன், இங்கே சேன்-போலில் வேலை பார்க்கிறேன். வீட்டிலிருந்து நடக்கும் தூரத்தில் கடல். நிமிர்ந்து பார்த்தால் மாய்தோ. உச்சியில் சாலை முடிகிற இடம் சுமார் 2,200 மீட்டர். அங்கே நின்று எட்டிப் பார்த்தால், சாலையே இல்லாத மஃபாத் பள்ளத்தாக்கு கீழே கிடக்கும். உச்சியிலிருந்து கடல் மட்டம் வரை சைக்கிளில் இறங்கிவிடலாம். பல ஆண்டுகளாக மெகாவலான்ஷ் என்ற சைக்கிள் பந்தயமும் இந்தச் சரிவில் நடந்துவருகிறது; உலகத்தின் பல மூலைகளிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். நான் பந்தயக்காரன் இல்லை. நாற்பத்தாறு வயதில் சர்க்கரை எட்டிப் பார்த்ததால் சைக்கிள் ஏறியவன்.

இந்த ஒரே இறக்கத்தில் மூன்று பருவம் வந்து போகும். ஆகஸ்ட் காலையில் உச்சியில் ஐந்தாறு டிகிரி குளிர். நடுவில் தமரின் மரக்காடு. நம் புளியமரம் இல்லை, இலை கொஞ்சம் ஒத்திருப்பதால் பெயர் ஒட்டிக்கொண்ட வேறு மரம். அதற்குக் கீழே, ஜெரேனியத் தைலம் காய்ச்சுகிற பெத்தீத் பிரான்ஸ். அதையும் தாண்டினால் கரும்பு, வெயில், கடற்கரைப் புழுக்கம். காலை ஒன்பது, பத்து மணிக்கு மேகம் கீழிருந்து மலையேறி வரும். உச்சிப் பகுதியில் அழோன் என்று ஒரு புதர், ஐரோப்பாவிலிருந்து வந்து மண்டிப்போனது. மஞ்சள் பூ பார்க்க அழகாக இருக்கும். இலை இருக்க வேண்டிய இடத்தில் முழுக்க முள். என்னைக் கீறியது அதுதான்.

மலைச் சைக்கிளுக்கு என்ன கண்ணாடி வாங்கலாம் என்று யாரைக் கேட்டாலும் கல் பட்டால் உடையாதா, புற ஊதாக் கதிரைத் தடுக்குமா, நிறம் என்ன, முகத்துக்கு எடுப்பாக இருக்குமா என்றுதான் பேச்சு போகிறது. ஆவி படியுமா என்ற கேள்வி கடைசியில், ஒரு சௌகரியக் கேள்வியாக வரும். நான் இதை அப்படியே தலைகீழாக்குகிறேன். ஆவி படிகிற கண்ணாடியைக் கழற்றத்தான் செய்வோம். கழற்றிய பிறகு அதன் லென்ஸ் இரும்பாக இருந்தால் என்ன, வைரமாக இருந்தால் என்ன? புற ஊதாக் கதிரைப் பற்றி ரொம்பக் கவலைப்பட வேண்டாம். இந்த வகைக் கண்ணாடிகளில் பெரும்பாலானவை பாலிகார்பனேட். நிறமே இல்லாவிட்டாலும் அந்தப் பொருள் அந்தக் கதிரை உறிஞ்சிக்கொள்ளும்.

எனக்கு விற்ற கடைக்காரர் (கடை பெயர் வேண்டாம், நல்ல மனிதர்) சொன்னது ஒரே வரி: “உள்பக்கம் ஆவி படியாத பூச்சு இருக்கிறது.” பூச்சு இருந்தது உண்மைதான். ஆனால் பூச்சு என்ன செய்கிறது என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. இட்லிப் பானை மூடியைத் திறந்து பாருங்கள், முத்து முத்தாகத் தண்ணீர் நிற்கும். கண்ணாடியில் படிகிற ஆவியும் அதேதான், ஆனால் கண்ணுக்குத் தனித்தனியாகத் தெரியாத அளவு சின்னச் சின்ன முத்துகள். ஒவ்வொன்றும் வெளிச்சத்தைச் சிதறடிப்பதால் வெள்ளையாகத் தெரிகிறது. தாமரை இலைத் தண்ணீர் என்று நாம் சொல்வதை இந்தத் தீவின் பேச்சுமொழியான கிரெயோலில் சேம்பிலைத் தண்ணீர் என்பார்கள். ஆவி தடுக்கும் பூச்சு சேம்பிலைக்கு நேர் எதிரி: தண்ணீரை உருள விடாமல் படலமாகப் பரப்பிவிடும். படலத்தின் வழியே பார்க்க முடியும், முத்துகளின் வழியே முடியாது. ஆகவே பூச்சு ஈரத்தை நிறுத்துவதில்லை, பரப்புகிறது. சில பூச்சுகள் கொஞ்சம் உறிஞ்சியும் வைத்துக்கொள்ளும். அதற்கும் ஒரு கொள்ளளவு உண்டு. கால் மணி நேரம் மூச்சு வாங்க ஏறினால் நிரம்பிவிடும்.

எனக்கு நடந்ததும் அதுதான். இறக்கம் என்று பெயரே தவிர, நடுநடுவே மிதித்து ஏற வேண்டிய துண்டுகள் உண்டு. இறங்கும்போது காற்று அடித்து லென்ஸ் சில்லிட்டுப் போகிறது. ஏற்றத்தில் வேகம் குறைய, காற்று நிற்கிறது. முகம் கொதிக்கிறது, நெற்றி வியர்க்கிறது, வாயால் மூச்சு. அந்த ஈரக் காற்று முழுவதும் குளிர்ந்த லென்ஸைத் தொட்டவுடன் தண்ணீராகிறது. நான் செய்த அடுத்த முட்டாள்தனம், அதைத் தூக்கி ஹெல்மெட்டில் வைத்தது. ஹெல்மெட்டின் ஓட்டைகள் எதற்கு இருக்கின்றன? மண்டைச் சூட்டை வெளியேற்ற. அந்த ஓட்டைக்கு நேராக லென்ஸின் உள்பக்கத்தைக் காட்டி வைத்தால், உலையில் வைத்த மூடிதான். ஏற்றம் முடிந்து திரும்பப் போடலாம் என்று பார்த்தபோது முன்னைவிட மோசமாக இருந்தது. சரி, வெறும் கண்ணோடு இறங்குவோம் என்று விட்டேன். அடுத்த திருப்பத்தில் அழோன்.

பக்கத்து வீட்டு அண்ணனிடம் இதைச் சொன்னேன். அவர் மல்பார், ஐந்தாறு தலைமுறைக்கு முன்னால் கரும்புத் தோட்டத்துக்கு வந்த தமிழ்க் குடும்பம். பேச்செல்லாம் கிரெயோல். கோயிலில் சொல்கிற சில வரிகளும், என்னைக் கூப்பிடுகிற ‘தம்பி’யும்தான் அவரிடம் மிஞ்சிய தமிழ். சாலையோரம் புல்வெட்டும் இயந்திரம் பிடிப்பது அவர் வேலை. கல்லும் குச்சியும் முகத்துக்கு நேரே பறக்கிற வேலை, நாள் முழுக்க வியர்வை. “தம்பி, நான் எட்டு மணி நேரம் போட்டிருக்கிறேன், உனக்கு இரண்டு மணி நேரம் முடியவில்லையா?” என்று தன் கண்ணாடியை எடுத்துக் கொடுத்தார்.

கட்டுமானச் சாமான் விற்கிற கடையில் 12 யூரோவாம். கைப்பேசி விளக்கைப் பிடித்து லென்ஸின் ஓரத்தைப் பார்த்தேன். எறும்பு அளவு எழுத்தில் எஃப் (F), கே (K), என் (N) என்று மூன்று குறிகள். இவை ஐரோப்பியப் பாதுகாப்புத் தரமான இ.என். 166-இன் குறிகள். எஃப் என்றால் 6 மில்லிமீட்டர் எஃகுக் குண்டை விநாடிக்கு 45 மீட்டர் வேகத்தில், அதாவது மணிக்கு 162 கிலோமீட்டரில், அடித்தும் தாங்கியது. கே என்றால் நுண்துகள்கள் பட்டுக் கீறாத மேற்பரப்பு. என் என்றால் ஆவி படியாமைக்கான சோதனையில் தேறியது. என்னுடைய 85 யூரோ கண்ணாடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். சாதாரண வெயில் கண்ணாடிக்கான குறியும் நிறுவனத்தின் முத்திரையும் மட்டும் இருந்தன. முத்திரை மிகப் பெரிதாக இருந்தது.

ஆனால் அந்த ‘N’ குறியைப் பார்த்ததும் துள்ளிக் குதிக்க வேண்டாம். அந்தச் சோதனை கேட்பது, சூடான தண்ணீரின் ஆவிக்கு மேல் 8 விநாடியாவது லென்ஸ் தெளிவாக இருக்க வேண்டும் என்பதை மட்டும். மாய்தோ ஏற்றம் 8 விநாடியில் முடிவதில்லை. அண்ணனின் கண்ணாடி அவருக்கு உழைப்பதற்குக் காரணம் பூச்சு பாதி. மறுபாதி அது முகத்தில் உட்காரும் விதம். ரப்பர் மூக்குப் பிடியை அவர் வளைத்து, லென்ஸைக் கன்னத்திலிருந்து நன்றாகத் தூக்கி வைத்திருக்கிறார். கீழே ஒரு சுண்டுவிரல் நுழையும் சந்து, மேலே புருவத்தருகே ஒரு சந்து. கீழே நுழைந்த காற்று மேலே போய்விடும். என் கண்ணாடி ஐரோப்பியக் கூர்மூக்குக்கு வார்த்தது. என் மூக்கோ தாத்தா கொடுத்த அகல மூக்கு. சட்டம் சரிந்து கன்னத்தில் உட்கார்ந்து, கீழ்ச் சந்தை அடைத்துவிடுகிறது. கன்னத்தில் இரண்டு சிவப்புக் கோடு விழுகிறதா என்று பாருங்கள். விழுந்தால் அந்தக் கண்ணாடியை எவ்வளவு பூசினாலும் ஆவி படியும்.

ஆக, வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது சந்து. பூச்சு அதற்குப் பிறகு. சொந்த ஹெல்மெட்டைக் கடைக்கே எடுத்துக்கொண்டு போங்கள். வெட்கப்படாதீர்கள். இரண்டையும் மாட்டிக்கொண்டு, கீழுதட்டை முன்னே நீட்டி மேல்நோக்கி ஊதுங்கள். எவ்வளவு நேரத்தில் தெளிகிறது என்று பாருங்கள். குளிரூட்டிய கடையில் சும்மா நின்று போட்டுப் பார்ப்பதில் பயனே இல்லை, அங்கே எந்தக் கண்ணாடியும் நல்ல கண்ணாடிதான். முடிந்தால் படிக்கட்டில் இரண்டு மாடி ஓடிவிட்டு வந்து போடுங்கள். நான் இந்த முறை அப்படித்தான் செய்தேன். விற்பனைப் பையன் என்னைத் திருடன் என்று நினைத்திருப்பான்.

முழு முக ஹெல்மெட்டும், முகத்தோடு ஒட்டிப் பட்டையால் கட்டுகிற பெரிய காகிள்ஸும் போடுகிறவர்கள் என்னைக் கோபிக்கலாம். காகிள்ஸ் கெட்டது என்று சொல்லவில்லை. 1965-இல் அமெரிக்கப் பல் மருத்துவர் பாப் ஸ்மித், பனிச்சறுக்குக்காக இரண்டு லென்ஸுகளை நடுவில் காற்று அடைத்து ஒட்டி, ஓரத்தில் மூச்சு விடும் நுரைப்பஞ்சு வைத்து ஒரு காகிள்ஸ் செய்தார். வெளி லென்ஸ் குளிர்ந்தாலும் நடுக்காற்று போர்வையாக இருப்பதால் உள் லென்ஸ் முகச் சூட்டிலேயே நிற்கும், ஆவி படியாது. அருமையான யோசனை. வேன் ஏறி உச்சிக்குப் போய் இறங்க மட்டும் செய்கிறவர்களுக்கு அதைவிடச் சிறந்தது இல்லை. முள்ளுக்கும் அது முழு அரண். அவர்களும் ஒற்றை லென்ஸ் காகிள்ஸை வாங்கி ஏமாற வேண்டாம். என்னைப் போல் மிதித்து ஏறுகிறவர்களுக்கு அது முகத்தில் கட்டிய சமையலறை.

பவர் கண்ணாடி போடுகிறவர்களின் கஷ்டம் தனி. எனக்கு மைனஸ் மூன்றரை. வெளிக் கண்ணாடிக்குள் சின்னதாக ஒரு பவர் சட்டத்தைச் செருகுகிற வகை ஒன்று உண்டு. மலிவு, ஆனால் ஆவி படிய ஒன்றுக்கு இரண்டு லென்ஸ், நடுவில் துடைக்கக் கைகூட நுழையாது. இரண்டு வருடம் அதோடு மாரடித்தேன். கொஞ்சம் செலவானாலும், பாலிகார்பனேட் லென்ஸிலேயே பவரைச் செதுக்கிக் கொடுப்பவர்களிடம் போங்கள்.

நிறத்தைப் பற்றி இவ்வளவுதான்: கடற்கரைக்குப் போடும் மூன்றாம் வகைக் கருப்பு லென்ஸ் 8 முதல் 18 சதவீத வெளிச்சத்தைத்தான் உள்ளே விடும். தமரின் காட்டுக்குள் நுழைந்ததும் குருடாகிவிடுவீர்கள். வெயிலுக்குக் கறுக்கும் லென்ஸ் நல்லது, ஆனால் நிழலில் வெளுக்க நேரம் எடுக்கும், குளிரில் இன்னும் அதிகம். நான் நிறமற்றதையே போடுகிறேன்.

பராமரிப்பில் நான் செய்த பாவங்களையும் சொல்லிவிடுகிறேன். பற்பசை தேய்த்தால் ஆவி படியாது என்று யாரோ சொல்ல, தேய்த்தேன். பற்பசையில் அரைக்கும் தூள் இருக்கிறது. லென்ஸ் வலை பின்னியது போல் கீறிப்போனது. ஈரமாக இருக்கும்போது சட்டை நுனியால் உள்பக்கத்தை அழுத்தித் துடைத்தேன். பூச்சு ஈரத்தில் ஊறி மென்மையாக இருக்கிற நேரம் அது; துடைக்கத் துடைக்கப் பூச்சு கையோடு வந்துவிடும். உதற வேண்டும், மென்துணியால் ஒற்றி எடுக்க வேண்டும், தேய்க்கக் கூடாது. பூச்சு போன பழைய கண்ணாடிக்குக் குழந்தைகள் ஷாம்பு ஒரு சொட்டு, தடவி, லேசாக அலசி, காயவிடுங்கள். சோப்பும் தண்ணீரைப் படலமாக்குகிற அதே வேலையைத்தான் செய்கிறது. பாத்திரம் கழுவும் திரவமும் வேலை செய்யும், ஆனால் வியர்வையோடு கண்ணில் இறங்கினால் அம்மா என்று அலறுவீர்கள். கடலில் முக்குளிப்பவர்கள் முகமூடியில் எச்சில் தடவுகிறார்களே, அதுவும் இதே கணக்குதான்.

இன்னொன்று, இது காசே ஆகாதது. இரவெல்லாம் காரின் பின்பெட்டியில் கிடந்த கண்ணாடியை உச்சியில் எடுத்து மாட்டாதீர்கள். பத்து நிமிடம் சட்டைக்குள் வைத்துச் சூடாக்குங்கள். ஏற்றம் வரும்போது ஹெல்மெட்டில் ஏற்றாமல் மூக்கின் நுனிக்கு இறக்கிவிடுங்கள், பழைய கணக்குப்பிள்ளை மாதிரி. பார்க்கக் கேவலமாகத்தான் இருக்கும். ஆனால் இறக்கம் தொடங்கியதும் ஒரே விரலால் மேலே தள்ளிவிடலாம். கண்ணாடி ஒரு கணம்கூட முகத்தை விட்டுப் போகாது.

மேகம் ஏறிவிட்டால் மட்டும் இதெல்லாம் பாதிதான் பலிக்கும். உள்பக்கம் தெளிவாக இருந்தாலும் வெளிப்பக்கத்தில் மேகமே வந்து உட்காரும். அன்றைக்கு நின்று துடைத்து நின்று துடைத்துத்தான் இறங்க வேண்டும், அல்லது சீக்கிரம் எழுந்து போக வேண்டும்.

நாளை காலை ஐந்து மணிக்குக் கிளம்புகிறேன். கட்டுமானக் கடையில் 12 யூரோ கொடுத்து நானும் ஒன்று வாங்கி, அண்ணனை வைத்தே மூக்குப் பிடியை வளைத்துக்கொண்டேன். கீழே கான்டாக்ட் லென்ஸ், அது இந்த ஒரு வாரத்துக்கு, பவர் செதுக்கிய லென்ஸ் வரும் வரை. 85 யூரோ கண்ணாடியை மகள் எடுத்துக்கொண்டுவிட்டாள். கடற்கரைக்குப் போட்டுக்கொண்டு போக மிகவும் எடுப்பாக இருக்கிறதாம்.